பார்சல் போடுகிறவன் தொழிலாளியா, பார்ட்னரா?

உச்சிப்புளி_லைன் கேட்டது:

அண்ணன்மார்களே, விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். ராமநாதபுரம் ஹப்பில் பார்சல் எடுத்து உச்சிப்புளி, மண்டபம், சில நாள் பாம்பன் வரை கொண்டுபோய்ப் போடுகிறேன், மூன்று வருடமாக. பைக் என்னுடையது, பெட்ரோல் என்னுடையது, போனும் என்னுடையது. பார்சலுக்கு இவ்வளவு என்று காசு, வாரம் ஒருமுறை கணக்கில் விழும்.

போன ஆடியில் பாம்பன் ரோட்டுப் பாலத்தில் கச்சான் காற்று அடித்துச் சாய்த்துவிட்டது. முதுகில் அந்தப் பெரிய பை இருந்தால் பாய் விரித்த வள்ளம் மாதிரிதான், காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியதுதான். காறை எலும்பு முறிந்துவிட்டது. அங்கேயே ஓரமாக உட்கார்ந்து மீதி ஏழு பார்சலை ஆப்பில் முடித்துவைக்கப் பார்த்தால், ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் கேட்கிறது, அந்தப் பட்டியலில் 'விழுந்துவிட்டேன்' என்று ஒரு காரணமே இல்லை. 'வாடிக்கையாளர் வீட்டில் இல்லை' என்று அழுத்தினேன். அடுத்த வாரம், பொய்க் காரணம் போட்டதாக ஐடியைப் பத்து நாள் பிளாக் செய்துவிட்டார்கள். ஒரு கை கழுத்தில் தொங்கும்போது ஐடி இருந்தால் என்ன, போனால் என்ன, அது வேறு கதை. மருத்துவச் செலவு கேட்டேன். நீங்கள் ஊழியர் இல்லை, பார்ட்னர் என்று பதில் வந்தது. லாபத்தில் பங்கு வராத பார்ட்னர்!

இப்போது என் குழப்பம் இதுதான். டீக்கடையில் ஒருவர், புதுத் தொழிலாளர் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் வந்துவிட்டது, இனி நீயும் தொழிலாளிதான் என்கிறார். அமெரிக்காவில் இருக்கும் மாமா மகனோ, அங்கே தொழிலாளர் துறைக்கு யாரைப் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து ஓட்டுகிறவன் தொழிலாளியா இல்லையா என்பதே மாறும் என்கிறான். நாற்காலியில் ஆள் மாறினால் நான் செய்கிற வேலை எப்படி மாறும்? காலையில் ஏற்றுகிற மூட்டை அதேதானே? அப்புறம் நம் மாநிலத்தில் நலவாரிய அட்டை தருகிறார்களே, அதை வாங்கினால் நான் தொழிலாளி ஆகிவிடுவேனா? சிரிக்காமல் பதில் போடுங்கள்.

கணக்குப்பிள்ளை_ராம்நாடு:

தம்பி, முதலில் கை எப்படி இருக்கிறது? காறை எலும்பு சேர நாளாகும், அவசரப்பட்டு மூட்டை தூக்காதே.

டீக்கடைக்காரர் சொன்னது பாதி சரி. 29 பழைய சட்டங்களை மடித்து நான்கு தொகுப்புகளாக ஆக்கி, நீ சொல்லும் தேதியில் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். உன்னைப் பற்றிப் பேசுவது அதில் ஒன்று, 2020-ஆம் ஆண்டு சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு. அதில் கிக் தொழிலாளி என்பதற்கு என்ன விளக்கம் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? வழக்கமான முதலாளி - தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை செய்து சம்பாதிக்கிறவர். பெயரில் தொழிலாளியைப் போட்டுவிட்டு விளக்கத்தில் 'வெளியே' என்று கதவைச் சாத்திவிட்டார்கள். வெளியே நிற்கிறவனுக்குக் குறைந்தபட்சக் கூலி கிடையாது, பி.எஃப். கிடையாது, வழக்கமான இ.எஸ்.ஐ.யும் கிடையாது.

அதற்குப் பதிலாகக் கொடுப்பது ஒரு நிதி. ஆப் நடத்தும் கம்பெனி தன் ஆண்டு விற்றுமுதலில் 1 முதல் 2 சதவீதம் கட்ட வேண்டும், ஆனால் அது உங்களைப் போன்றவர்களுக்குக் கொடுக்கும் தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அந்தப் பணத்தில் விபத்துக் காப்பீடு, மருத்துவம், மகப்பேறு, முதுமைக்காலத் திட்டம் எல்லாம் வகுக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. பார்சல் வேலையும் அந்தச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது, சாப்பாடு கொண்டுபோகிறவர்களுக்கு மட்டும்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

2025 டிசம்பர் கடைசியில் வந்த வரைவு விதியில் ஒரு நிபந்தனை இருக்கிறது. ஒரே கம்பெனி என்றால் போன நிதியாண்டில் 90 நாள், பல கம்பெனி என்றால் மொத்தம் 120 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஒரே நாளில் மூன்று ஆப்பில் ஓட்டினால் அது மூன்று நாளாக எண்ணப்படும். நாள் கணக்கு இருக்கிறதா உன்னிடம்? இப்போதே எடுத்து வை.

கடைசியாக, உன் அமெரிக்கக் கேள்விக்கு நம் ஊர் வடிவமும் இருக்கிறது. இந்தத் திட்டங்களைப் பற்றி ஆலோசனை சொல்ல வேண்டிய தேசிய வாரியத்தில் கம்பெனிகள் தரப்பில் 5 பேர், உங்கள் தரப்பில் 5 பேர். இரண்டு தரப்பையும் நியமிப்பது மத்திய அரசு. உங்கள் ஐந்து பேரை நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை. அந்த இடத்தை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்.

கீழக்கரை_காக்கா:

சொந்த ஊர் கீழக்கரை, இருப்பது கலிஃபோர்னியா. உன் மாமா மகன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். வேலை மாறுவதில்லை தம்பி, சட்டத்தை வாசிக்கிற விதம் மாறுகிறது.

இங்கே குறைந்தபட்சக் கூலிச் சட்டம் 1938-இல் வந்தது. வேலைக்கு வைப்பது என்றால் 'வேலை செய்ய விடுவது, அல்லது செய்வதைப் பார்த்துக்கொண்டு பொறுத்துக்கொள்வது' என்ற அளவுக்கு அகலமாக எழுதி வைத்தார்கள். அந்த வாசகம் இன்றும் அப்படியே இருக்கிறது. ஆனால் யார் தொழிலாளி, யார் சுயதொழில் செய்கிறவர் என்று பிரிக்கும் விதியைத் தொழிலாளர் துறை எழுதுகிறது. 2015-இல் ஒபாமா ஆட்சியில் கூலி - வேலைநேரப் பிரிவின் தலைவராக இருந்த டேவிட் வைல், பெரும்பாலானவர்கள் தொழிலாளர்களே என்று ஒரு விளக்கக் குறிப்பு போட்டார். 2017-இல் அடுத்த ஆட்சி அதை எடுத்துவிட்டது. 2021 ஜனவரியில் டிரம்ப் ஆட்சி போகிற போக்கில் கம்பெனிகளுக்கு வசதியாக ஒரு விதி போட்டது. 2024 ஜனவரியில் பைடன் ஆட்சி அதை நீக்கி ஆறு அம்சங்களைப் பார்க்கும் விதியைக் கொண்டுவந்தது. 2025 மே மாதம், இனி எங்கள் விசாரணைகளில் அந்த விதியைக் கையாள மாட்டோம் என்று துறையே சொல்லிவிட்டது. பத்து வருடத்தில் எத்தனை தடவை என்று நீயே எண்ணிக்கொள். கார் ஓட்டுகிறவன் அதே காரைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் இங்கே ஒரு துறைத் தலைவர் நியமனத்துக்கு அவ்வளவு சண்டை. வைலை அதே நாற்காலிக்குப் பைடன் மறுபடி அனுப்பினார். 2022 மார்ச்சில், நியமனத்துக்கு ஒப்புதல் தரும் மேல்சபையான செனட்டில் 47க்கு 53 என்று விழுந்துவிட்டார், அவரைக் கவிழ்த்ததில் சொந்தக் கட்சிக்காரர்கள் மூன்று பேர். ஒரு பிரிவுத் தலைவர் பதவிதான், அமைச்சர்கூட இல்லை! அமைச்சர் கதை அதைவிட வேடிக்கை. ஜூலி சூ என்ற அம்மா கலிஃபோர்னியாவில் தொழிலாளர் துறைச் செயலராக இருந்தவர், ஓட்டுநர்களைத் தொழிலாளர் ஆக்கும் மாநிலச் சட்டம் வந்த நேரம் அது. அவரை 2023-இல் மத்திய அமைச்சர் பதவிக்கு முன்மொழிந்தார்கள், செனட் ஒப்புதல் கிடைக்கவே இல்லை, பொறுப்பு அமைச்சராகவே 2025 ஜனவரி வரை காலம் ஓட்டினார். அவருக்கு அடுத்து வந்த லோரி சாவேஸ் டிரிமர் 67க்கு 32 என்று சுலபமாக ஒப்புதல் பெற்றார். தொழிற்சங்கங்களுக்குச் சாதகமான ஒரு மசோதாவை முன்பு ஆதரித்த குடியரசுக் கட்சிக்காரர் என்று அவர்மேல் சங்கத்துக்காரர்களில் சிலருக்கு நம்பிக்கை இருந்தது. மே மாதம் விதி நின்றது அவர் துறையில்தான். ஆளைப் பார்த்து மட்டும் கணக்குப் போட்டாலும் தப்பும் என்பதற்காகச் சொல்கிறேன்.

அந்த மாநிலச் சட்டமும் ஆப் ஓட்டுநர்களுக்கு நிலைக்கவில்லை. ஆப் கம்பெனிகள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2020 நவம்பரில், ஆப் ஓட்டுநர்கள் சுயதொழில் செய்கிறவர்களே என்று மக்களிடம் வாக்கெடுப்பு வைத்தன, ஜெயித்தன. 2024 ஜூலையில் மாநில உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. இப்போது இங்கே ஓட்டுநருக்குக் குறைந்தபட்சக் கூலியில் 120 சதவீதம் உறுதி என்று சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆர்டர் கையில் இருக்கும் நேரத்துக்கு மட்டும்தான் அது, காத்துக் கிடக்கும் நேரத்துக்குக் கிடையாது. பிரிட்டனில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் வேறு மாதிரி சொன்னது: தன் பகுதியில் ஆப்பைத் திறந்து, வரும் சவாரியை ஏற்கத் தயாராக இருந்தாலே வேலை நேரம்.

தங்கச்சிமடம்_மைனர்:

எல்லோரும் தொழிலாளி ஆக்கு, தொழிலாளி ஆக்கு என்கிறீர்கள். எனக்கு வேண்டாம். நான் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் ராமநாதபுரம் வந்து ரூம் எடுத்து, கேணிக்கரை, பாரதி நகர் பக்கம் சாப்பாடு டெலிவரி. படகு இறங்கினதும் ஆப்பை மூடிவிட்டுப் போய்விடுவேன், யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. தொழிலாளி ஆக்கினால் ஷிப்ட் போடுவான், லீவு லெட்டர் கேட்பான், வருடத்தில் இரண்டு மாதம் மட்டும் வருகிறவனை உள்ளேயே விடமாட்டான். படகிலும் எனக்குச் சம்பளம் இல்லை, டீசல், ஐஸ், ரேஷன் கழித்துப் பங்குதான். மீன் பாடு இல்லை என்றால் காசு இல்லை. அதற்காக நான் யார் என்று கோர்ட்டுக்கா போனேன்?

வாலிநோக்கம்_உப்பளம்:

மைனர் மாப்ளே, நீ சொன்னதை அப்படியே 1956-இல் ஒரு கம்பெனி உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. உப்பு விஷயம் என்பதால் எனக்கு அந்த வழக்கு மனப்பாடம், எங்கள் அப்பா காலத்திலிருந்து உப்பளச் சங்கத்தில் சொல்லிக்கொண்டே இருப்பார்கள்.

குஜராத்தில் திராங்கத்ரா என்ற ஊர்ப் பக்கம் பெரிய உப்பளம். அங்கே உப்பு விளைவிக்கிறவர்களை அகாரியாக்கள் என்பார்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பாத்தி, வருடா வருடம் பெரும்பாலும் அதே பாத்தி. ஆரம்பச் செலவுக்கு 400 ரூபாய் முன்பணம். வேலை நேரம் என்று ஒன்று கிடையாது, வருகைப் பதிவேடு கிடையாது, லீவு விதி கிடையாது. குடும்பத்தோடு இறங்குவார்கள், ஆள் போதவில்லை என்றால் தங்கள் காசில் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வார்கள். விளைந்த உப்புக்கு எடை போட்டுக் காசு. மழை வந்தால் ஊருக்குப் போய்ச் சொந்த வயலைப் பார்ப்பார்கள். இவர்கள் எங்கள் தொழிலாளர்களே இல்லை, தனி ஒப்பந்தக்காரர்கள் என்றது கம்பெனி. உன் கணக்கில் பார்த்தாலும் இல்லைதானே?

நீதிமன்றம் வேறு இடத்தைப் பார்த்தது. கிணற்று உவர்நீரின் கனத்தைச் சோதித்து, சரி, பாத்தியில் விடு என்று சொல்வது கம்பெனியின் ஆள். படிகம் விழுந்த பிறகு மறுபடி சோதனை, தரமாக இருந்தால்தான் வாரலாம். ஆகாது என்று தள்ளிய உப்புக்குக் காசு இல்லை, அதை வீட்டுக்கு எடுத்துப் போகவும் முடியாது. கையை எப்படி ஆட்ட வேண்டும் என்பது வரை அடுத்தவன் சொல்கிறான் என்றால் நீ தொழிலாளிதான், எத்தனை மணிக்கு வந்தாய் என்பது முக்கியம் இல்லை என்று தீர்ப்பு. அன்றே முடிந்த விஷயம்!

இப்போது உச்சிப்புளித் தம்பி சொன்னதைப் பாருங்கள். எந்தக் காரணத்தை அழுத்துவது, எத்தனை நாள் பிளாக், எல்லாம் ஆப் சொல்வதுதான். உவர்நீர் சோதனை போட்ட ஆள் போய் இப்போது போன் வந்திருக்கிறது. உப்பள மேஸ்திரியாவது வெயில் தாங்காமல் நிழலுக்குப் போவார், இது போகாது.

சுதந்திரம் போய்விடும் என்ற பயம் நியாயம்தான், ஆனால் அந்த அகாரியாக்கள் தொழிலாளர் என்று தீர்ப்பு வந்தது அவர்கள் மழைக்கு ஊர் போகிற வழக்கத்தோடு சேர்த்துத்தான். 1973-இல் செகந்திராபாத் தையல்கடை வழக்கிலும் அப்படித்தான். துணிக்கு இவ்வளவு என்று கூலி, இஷ்டத்துக்கு வருவார்கள், போவார்கள், வேறு கடைக்கும் தைப்பார்கள். அவர்களும் ஊழியர்களே என்றுதான் முடிந்தது.

தங்கச்சிமடம்_மைனர்:

தையல் மிஷின் கடைக்காரனுடையது, பைக் என்னுடையது. அதற்கு என்ன சொல்கிறாய்?

வாலிநோக்கம்_உப்பளம்:

நல்ல கேள்வி, அங்கே மிஷின் முதலாளியுடையது என்பதையும் நீதிபதிகள் கணக்கில் எடுத்தார்கள், மறைக்க மாட்டேன். ஆனால் ஆப்புக்குப் பைக் பெரிய கருவி இல்லை, ஆப்தான் கருவி. பைக்கை வைத்துக்கொண்டு ஆப் இல்லாமல் ஒரு பார்சல் எடுத்துப் பார்.

இன்னொன்று, உச்சிப்புளித் தம்பி, உன் வாரக் காசு யார் பெயரில் வருகிறது? பல ஊர்களில் ஹப்பை நடத்துவது வேறு ஒரு வெண்டர். அப்படி என்றால் நீ ஆப்பின் பார்ட்னர்கூட இல்லை, வெண்டரின் ஆள். கோழிக்கோட்டுக் கயிறு ஆலை வழக்கில் 29 பேரை ஒப்பந்தக்காரரின் ஆள் என்று சொல்லிக் கழற்றிவிடப் பார்த்தார்கள். 1978-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் திரையை விலக்கிப் பார்த்து, யாருடைய தொழிலுக்காக உழைத்தார்களோ அவரே முதலாளி என்றார். இதையெல்லாம் நம்பி நாளைக்கே கேஸ் போடு என்று சொல்லவில்லை. கணக்குப்பிள்ளை அண்ணன் சொன்ன அந்த 'வெளியே' என்ற சொல் புதுச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது, பழைய தீர்ப்பும் அந்தச் சொல்லும் நேருக்கு நேர் வந்தால் என்ன ஆகும் என்பது வழக்கு நடந்தால்தான் தெரியும்.

பாம்பன்_பாசியக்கா:

நீங்கள் கோர்ட்டு பேசுங்கள், நான் அட்டை பேசுகிறேன். தம்பி, நான் கடல்பாசி எடுக்கப் போகிறவள். கழுத்தளவு தண்ணீரில் நிற்போம், கையைப் பாறை கிழிக்கும், ஆனால் வெகுநாள் என்னை மீனவர் என்று எழுத ஓர் அலுவலகத்தில் மறுத்தார்கள், படகில் போகவில்லையாம். என் வீட்டுக்காரருக்குத் தடைக்கால நிவாரணம் வரும், அவர் யாருக்குத் தொழிலாளி என்று யாரும் கேட்பதில்லை, அட்டை இருக்கிறதா என்று மட்டும்தான் கேட்பார்கள். அதனால் வாரிய அட்டையை லேசாக நினைக்காதே.

நம் மாநிலத்தில் 2023 ஆகஸ்ட் 15 அன்று முதலமைச்சர் கொடியேற்றிப் பேசும்போது உங்களைப் போன்ற ஆப் வேலைக்காரர்களுக்கான இந்த நலவாரியத்தை அறிவித்தார், அந்த டிசம்பரில் அமைத்தார்கள். கைவினை, உடலுழைப்புக்காரர்களுக்கான 1982-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வருவது. விபத்து, இறப்பு, பிள்ளைகள் படிப்பு, கல்யாணம், பிரசவம் என்று மற்ற வாரியங்களில் இருப்பது போன்ற உதவிகள்தான். நீ கேட்டதற்கு நேர் பதில்: அட்டை வாங்கினால் கம்பெனிக்கு நீ தொழிலாளி ஆக மாட்டாய், அரசாங்கத்தின் கணக்கில் ஆவாய். ஐடி பிளாக்கை அது திறந்துவிடாது. கர்நாடகாவில் 2025-இல் போட்ட சட்டத்தில், நீக்குவதாக இருந்தால் எழுத்தில் காரணம், 14 நாள் முன்னறிவிப்பு என்று வைத்திருக்கிறார்கள். அது நமக்கும் வேண்டும் என்று கேட்பதுதான் சரியான சண்டை.

அதைக் கேட்க வாரியத்தில் ஆள் வேண்டும். காக்கா அமெரிக்காவில் நாற்காலிக்கு நடந்த சண்டையைச் சொன்னார், இங்கே நாற்காலி காலியாக இருந்தாலும் சத்தமே வராது. எங்கள் கூட்டுறவுச் சங்கத்தில் பாசி எடுக்கும் பெண்கள் சார்பில் என்று ஒருவரை உட்கார வைத்தார்கள், அந்த அம்மா ஒருநாள்கூடக் கடலில் நனைந்தது இல்லை. கூட்டத்தில் டீ நன்றாக இருந்தது என்று வந்து சொன்னார். கணக்குப்பிள்ளை சொன்ன தேசிய வாரியத்தில் உங்கள் பக்கத்து ஐந்து பேரில் ஒருத்தனாவது பாம்பன் பாலத்தில் பையோடு வண்டி ஓட்டியவனாக இருந்தால், ஆப்பில் 'விழுந்துவிட்டேன்' என்ற பொத்தானை முதல் கூட்டத்திலேயே கேட்டிருப்பான்.

உச்சிப்புளி_லைன்:

எல்லோருக்கும் நன்றி. அக்கா, நாளைக்கு ராமநாதபுரம் தொழிலாளர் அலுவலகம் போகிறேன், ஆதாரும் ரேஷன் கார்டும் எடுத்து வைத்துவிட்டேன். வாலிநோக்கம் அண்ணே, நீங்கள் சொன்ன பிறகு பாஸ்புக்கைப் பார்த்தேன், காசு ஆப் பெயரில் வரவில்லை, மதுரையில் இருக்கும் ஏதோ ஒரு ஏஜென்சி பெயரில் வருகிறது. மூன்று வருடம் கவனிக்கவே இல்லை.

கணக்குப்பிள்ளை அண்ணே, 90 நாள் கணக்குக்கு ஒரு சிக்கல். ஆப்பில் மூன்று மாதத்துக்கு முந்தையது காட்டவில்லை. பாஸ்புக்கில் வாரத்துக்கு ஒரு வரவுதான், எந்தெந்த நாள் என்று இல்லை. நாளை எப்படி நிரூபிப்பது?

கணக்குப்பிள்ளை_ராம்நாடு:

ஒவ்வொரு நாளும் ஹப்பில் மூட்டை எடுக்கும்போது போனுக்கு மெசேஜ் வருமே, அதை அழித்துவிட்டாயா?

உச்சிப்புளி_லைன்:

அந்தப் போன் பாலத்தில் விழுந்ததில் அடிபட்டுப் பிறகு செத்துப்போய்விட்டது, அண்ணே. சிம் மட்டும் இருக்கிறது. பெட்ரோல் பங்க் பில் கொஞ்சம் அம்மா அரிசிப் பானைக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறார்கள், அதை எண்ணிப் பார்க்கிறேன்.